டன்வில் கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர விஸ்கி முதலாளி ராபர்ட் கிரிம்ஷா டன்வில் பற்றிய தமிழ்க் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. பிழை திருத்தித் தந்த எல்லோருக்கும் நன்றி. யார் எதைத் திருத்தினீர்கள் என்று பதிந்துவைப்பதுதான் முறை.

முதல் நன்றி செவிலியர் அக்காவுக்கு. பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையைக் கட்டியவரே டன்வில் என்று முதல் வரைவில் இருந்தது. 1891இல் அவர் நகரத்துக்குக் கொடுத்த டன்வில் பூங்கா மருத்துவமனைக்கு எதிரே இருப்பதால் வந்த குழப்பம். 1903இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்த அந்தக் கட்டடத்துக்கு முன்நின்று நிதி திரட்டியவர் கப்பல் கட்டும் பிர்ரி குடும்பத்து லேடி பிர்ரி. மருத்துவத்துக்கு டன்வில் பணம் போனது வேறு வழியில்: பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் அந்தப் பெயரால் அமைந்த உடலியங்கியல் பேராசிரியர் பதவி. கட்டடத்தை விட இது மதிப்புக் குறைந்த கொடை இல்லை என்பது எங்கள் எண்ணம்.

அந்த மருத்துவமனையின் காற்றோட்டப் படத்தை வரைந்த தம்பிக்கும் நன்றி. அன்றைய கட்டடத்தில் பெரிய விசிறிகள் காற்றை உள்ளே தள்ளும். வழியில் தொங்கும் தேங்காய் நார்க் கயிறுகளில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். தூசு அதில் தங்கிவிட, ஈரக்காற்று சுரங்கம் வழியாக வார்டுகளுக்குப் போகும். ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், காற்று அந்த வழியே கசிந்து அழுத்தம் குறைந்துவிடும். படத்தில் ஜன்னல்கள் மூடியிருப்பது அதனால்தான்.

டன்வில் குடும்பத்தின் 'சொரெல்லா அறக்கட்டளை'யில் வரும் சொரெல்லாவை ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தோம். இத்தாலிய மொழியில் அது 'சகோதரி' என்று சொன்னவருக்கு நன்றி. அதே குடும்பத்து வில்லியம் டன்வில் தன் சகோதரி சாராவின் நினைவாக வைத்த பெயர்.

அதிகச் சிவப்பு மை விழுந்தது வடிசாலைப் பக்கத்தில். ஐரிஷ் பாட் ஸ்டில் (செம்பு வாலையில் வடிக்கும்) விஸ்கிக்கு முழுக்க முளைகட்டிய பார்லி என்று எழுதியிருந்தோம். 1785இல் மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய தானியத்துக்கு, வரி போட்ட பிறகு முளைகட்டாத பார்லியையும் சேர்க்கும் வழக்கம் பரவியது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிக்கு வேண்டிய அளவு மால்ட் இருந்தால் போதும். ஆனால் முளைகட்டாத பார்லி கூடினால் கூழ் பசையாகி வடியாமல் நின்றுவிடும். கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தால் அதன் உமி இடைவெளி விட்டு வடியவைக்கும். இதை எங்களுக்கு விளக்க வடித்தட்டில் கஞ்சி ஊற்றிக் காட்டிய அண்ணனை மறக்க மாட்டோம்.

மூன்று வாலைகளில் அடுத்தடுத்து வடிக்கும் ஆல்கஹால் கணக்கும் அவர் தந்ததே: நொதித்த சாறு சுமார் 8%, முதல் வடிப்பில் 20-25%, மூன்றாவதில் 80%ஐ ஒட்டி. தலைவடிப்பை ஒதுக்கி நடுவை மட்டும் எடுக்க வேண்டும். கடைசியில் வரும் வால்வடிப்பு கலந்தால் புளித்த வாடை பீப்பாயிலும் போகாது. முதல் வாலையைச் சூடேற்ற அவசரப்பட்டால் சாறு நுரைத்துக் குழாய்க்குள் ஏறிவிடும். நேரடித் தீயில் அடிப்பிடிக்கும். அதைச் சுரண்டத்தான் உள்ளே செம்புச் சங்கிலி சுற்றும்.

டன்வில் பூங்காவில் டவுல்ட்டன் என்ற மண்பாண்ட நிறுவனம் செய்த சுடுமண் நீரூற்றைப் பற்றி எழுதிக் கொடுத்த குயவர் ஐயாவுக்குத் தனி நன்றி. அத்தகைய சுடுமண் வேலையின் விரிசலில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, குளிரில் உறைந்து, மேல்தோல் பெயர்ந்துவிடுமாம். சுண்ணாம்புக் காரைதான் சரி. "நிபுணர்கள் சொல்கிறார்கள்" என்று இருந்த இடத்தில் இப்போது இந்தக் காரணம் இருக்கிறது.

டன்வில் விஸ்கி நிறுவனம் 1936இல் கலைக்கப்பட்டதை ஒரே வரியில் முடித்துவிட்டோம். நஷ்டத்தால் மூடியதாக எழுதியிருந்த வரியை நீக்கச் சொன்னவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

உங்கள் பிரதிகள் தபாலில் வரும். இன்னும் பிழை கண்டால் பக்க எண்ணோடு எழுதுங்கள். நீரூற்றுப் படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டது எங்களுக்குத் தெரியும், அதை மட்டும் எழுத வேண்டாம்.

கையேட்டுக் குழுவினர்