இரும்புக்கை மாயாவிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

படக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவியின் ஆரம்பக் கதைகளைப் பழுதுபார்த்து, புதிதாகத் தமிழ் எழுத்துப் பொருத்தி அச்சுக்கு அனுப்பியாயிற்று. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் வணக்கம் மூலவர்களுக்கு. 1962 அக்டோபரில் லண்டன் ‘வேலியண்ட்’ வார இதழில் லூயி கிராண்டெல் அறிமுகமானார்; தமிழில் நம் மாயாவி இவர்தான். கதையைத் தொடங்கியவர் கென் புல்மர், பிறகு நெடுநாள் எழுதியவர் டாம் டல்லி, வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே அவரைத் தமிழ் பேச வைத்த எம். சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரிலேயே பாதிக் கதை அடங்கிவிடுகிறது.

உரிமை விஷயத்தில் வழிகாட்டிய வழக்கறிஞருக்கு நன்றி. ‘வேலியண்ட்’டை வெளியிட்ட ஃப்ளீட்வேயின் பழைய கதைகள் எல்லாம் ஒரே கொள்முதலில் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்துக்குப் போய்விட்டன என்று பலரும் நினைக்கிறார்கள். 2016-இல் கைமாறியவை பெரும்பாலும் 1970-க்குப் பிந்தையவை. 1970-க்கு முந்தைய தொகுப்பு 2018-இல்தான் போனது. மாயாவி இந்த இரண்டாவது மூட்டையில் இருக்கிறார். உரிமை கேட்டுக் கடிதம் எழுதும் முன் இது தெரிந்திருப்பது அவசியம்.

இதழ்களை இரவல் தந்த சேகரிப்பாளர்களே, தாள்களை இணைக்கும் கம்பிப் பின்னைக் கழற்ற நீங்கள் சம்மதித்திருக்காவிட்டால் இந்தப் பக்கங்கள் இல்லை. இதழை விரித்துக் கண்ணாடியில் அழுத்தினால் நடுமடிப்பில் நிழல் விழும், அங்கே கோடுகள் வளைந்துவிடும். பின்னை எடுத்துத் தாள் தாளாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் கறுப்பு அட்டை வைத்தோம், மறுபக்க அச்சு ஊடுருவித் தெரிவது பெருமளவு மறைந்தது. ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்கள்), டிஃப் கோப்பு. ஜேபெக் கோப்பில் கறுப்புக் கோட்டைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் புள்ளிகள் வரும், பிறகு அதைத் துடைத்து மாளாது.

பக்கங்களைச் சுத்தம் செய்த பிள்ளைகளுக்குத் தனி நன்றி. மின்சாரம் பாய்ந்ததும் கிராண்டெல் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கட்டத்தில் கையைச் சுற்றியுள்ள வெறுமைதான் கதை. அங்கே ஒரு காபிக் கறையோ துருப்புள்ளியோ இருந்தால், அதையும் படத்தின் பகுதி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். கை முழுக்க நுண்ணிய கோடுகள்: விரல் மூட்டுகள், உலோகத்தின் பளபளப்பு. கறுப்பு–வெள்ளையாக மாற்றும்போது, எந்தச் சாம்பல் வரை கறுப்பாக வேண்டும் என்ற வரம்பைச் சற்று ஏற்றினால் மூட்டுகள் அடைபட்டுக் கை ஒரு கரித்துண்டாகிவிடும், இறக்கினால் பளபளப்புக் கோடுகள் அறுந்துபோகும். பழைய நியூஸ்பிரிண்ட் நடுவில் வெளுத்தும் ஓரத்தில் பழுத்தும் இருப்பதால், ஒரு பக்கத்துக்கு ஒரே வரம்பு என்பதும் சரிவராது. முதலில் பின்னணியைச் சமன்செய்து, 1200 டிபிஐக்குப் பெரிதாக்கி, அதன்பிறகு கட்டம் கட்டமாக வரம்பு வைத்தீர்கள். மொத்தமாக ஒரே சொடுக்கில் முடிக்கலாம் என்ற ஆசைக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

வண்ணம் வேண்டாம் என்று உறுதியாக நின்றவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இன்றைய பிள்ளைகளுக்கு வண்ணம் இருந்தால்தான் பிடிக்கும் என்ற பேச்சு நாலு பக்கமும் வந்தது. பிளாஸ்கோவின் கறுப்பு வெறும் எல்லைக்கோடு அல்ல, ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை அதுதான் சொல்கிறது. அதன்மேல் தட்டையாக வண்ணம் பூசினால் இரண்டும் கலங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களும் எழுத்துக் கோத்தவர்களும் பட்ட பாடு வாசகருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆங்கில வசன பலூனில் எல்லாம் பெரிய (கேபிடல்) எழுத்து. மேலும் கீழும் எதுவும் நீளாததால் வரிகளை நெருக்கி அடுக்கிவிடுவார்கள். தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே சுழியும் கீழ்விலங்கும் உண்டு. 9 புள்ளி எழுத்துக்கு 11.5 புள்ளி வரி இடைவெளி இல்லாவிட்டால் மேல்வரி ‘ழு’வும் கீழ்வரி ‘க்’கும் முட்டிக்கொள்ளும். ஆகவே நான்கு வரி ஆங்கிலம் இருந்த இடத்தில் மூன்று வரித் தமிழ்தான் உட்காரும். எழுத்தைச் சிறிதாக்காமல் வசனத்தைச் சுருக்கினீர்கள். ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்பதை மென்பொருளின் விருப்பத்துக்கு உடையவிடாமல், ‘கண்டுபிடித்து’ ஒரு வரி, ‘விட்டார்கள்’ அடுத்த வரி என்று சொல் பிரியும் இடத்தில் நீங்களே உடைத்தீர்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரை வைக்காவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும் என்பதை முதல் நாளே எச்சரித்த நண்பரால் பல நாள் வேலை மிச்சமாயிற்று.

பழைய தமிழ் இதழ்களோடு ஒப்பிட்டுத் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை போட்ட ‘லை’யும் ‘னை’யும், சுழித்த ‘றா’வும் ‘ணா’வும் அவர்களுக்குப் புதிது, எழுத்துணரி மென்பொருளும் அங்கேதான் தடுமாறியது. அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டிய மூத்த வாசகர்களுக்கு வணக்கம். ‘கௌ’ இருக்கவேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’வுமாக ‘கெள’ என்று நுழைந்திருந்ததை, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத நிலையிலும் தேடல் கட்டளை போட்டுப் பிடித்த மெய்ப்புத் திருத்துநருக்கும் அப்படியே.

கதையைச் சோதித்துப் படித்த இளம் வாசகர்களே, உங்களால் இரண்டு விஷயங்கள் மாறின. வாராவாரம் வந்த தொடர் என்பதால், சில பக்கங்களுக்கு ஒருமுறை முன்கதை வரும். தொகுப்பாகப் படிக்கும்போது அது தொண்டையில் சிக்குகிறது என்றீர்கள். படத்தைத் தொடாமல் முன்கதை வாசகத்தை மட்டும் ஒரு வரியாக்கினோம். அடுத்து, நம் இரும்புக்கை மாயாவியையும், ராணி காமிக்ஸின் ‘முகமூடி வீரர் மாயாவி’யையும் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) சிலர் ஒருவரென்றே நினைத்திருந்தீர்கள், அதற்காக முன்பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்ந்தது. கிராண்டெல் முதலில் குற்றவாளியாகத்தான் வருகிறார், ஒற்றராகும் கதையிலிருந்து தொடங்கலாமே என்று பெரியவர்கள் தயங்கினார்கள். வேண்டாம், கெட்டவராக இருந்தபோதுதான் அடுத்து என்ன செய்வாரோ என்று பயமாக இருந்தது என்று சொன்னவர்கள் நீங்கள்தான். முதல் கதையிலிருந்தே தொடங்கியிருக்கிறோம்.

அச்சக ஊழியர்களுக்கு: நான்கு மை கலந்த கறுப்பாக வந்த சில பக்கங்களைத் தட்டில் ஏற்றும் முன்னே கண்டு நிறுத்தினீர்கள். நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் ஒரு முடியளவு விலகினாலும் மெல்லிய கோடு இரட்டித்திருக்கும். எல்லாம் ஒற்றைக் கறுப்பாகப் போயின. தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, 112 பக்கம், பதினாறு பக்கப் படிவம் ஏழு. முதுகு ஒட்டும் பைண்டிங் உள் ஓரத்தை விழுங்கும் என்று 15 மில்லிமீட்டர் விடச் சொன்னதும் நீங்களே. இப்போது எந்தப் பலூனும் மடிப்புக்குள் போகவில்லை.

இரவல் வாங்கிய இதழ்கள் இந்த வாரமே உரியவர்களிடம் திரும்புகின்றன. துருப்பிடித்த பின்களுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுப் பின்கள், பழைய துளைகளிலேயே, கையால் கோத்து மடக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் அமிலமற்ற தாளுறையில் இருக்கும். உறையைப் பிரித்ததும் நடுத்தாள் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பக்கச் சீரமைப்புக் குழுவினர்