‘மிதமான ஏற்றம்’ என்று அறிவிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகரத்தை ஒட்டிய மலைகளுக்கு ஒருநாள் நடைப்பயணம் ஏற்பாடு செய்யும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அறிவிப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன், அவற்றுள் சிலவற்றை நம்பிப் பெயர் கொடுத்தவன், ஒருமுறை அப்படிப் போய் இருட்டில் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஊதியம் எதுவும் எதிர்பாராமல், உங்கள் விடுமுறை நாளைச் செலவிட்டு, முன்பின் அறியாதவர்களை மலைக்கு அழைத்துச் செல்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் உங்கள் அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். ‘மிதமானது’ என்பதே அந்தச் சொல்.

யாருக்கு மிதமானது என்று அது சொல்வதில்லை. நான் மாட்டிக்கொண்ட அந்த நடைக்கான அறிவிப்பில், போக வர 12 கிலோமீட்டர், மிதமான ஏற்றம், நடக்கத் தெரிந்த எவரும் வரலாம் என்று மட்டுமே இருந்தது. அன்றாடம் காலையில் 5 கிலோமீட்டர் நடப்பவனாகிய நான், 12 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, இரண்டு பாட்டில் தண்ணீரோடு புறப்பட்டேன். அந்தப் பாதை முதல் 6 கிலோமீட்டருக்குள் 800 மீட்டர் உயரம் ஏறுகிறது என்பதை, ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்தவர் சொல்லித்தான் அறிந்தேன். அவருக்கு அது முன்பே தெரியும். அவர் ஏற்பாட்டாளரின் நண்பர்.

உயரத்தைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது, மலையைப் பொறுத்தவரை பாதிச் செய்தி கூட ஆகாது. 1892ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் இதற்கு ஓர் எளிய கணக்கைத் தந்துவிட்டார்: மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். இன்றைய அளவுகளில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். 12 கிலோமீட்டரும் 800 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்தக் கணக்கில் சுமார் மூன்றே முக்கால் மணி நேரம் வரும்; அதே 12 கிலோமீட்டரில் ஏற்றம் 200 மீட்டர் மட்டும் என்றால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் அறிவிப்பில் இவ்விரண்டு நடைகளும் ஒரே மாதிரிதான் தோன்றும்.

நெய்ஸ்மித்தின் கணக்கு நல்ல உடல்திறன் உள்ளவர்களுக்கானது என்பதையும், ஓய்வுக்கோ உணவுக்கோ படம் எடுப்பதற்கோ அதில் இடம் இல்லை என்பதையும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பழக்கமில்லாத இருபது பேர் சேர்ந்து போகும்போது அதை ஒன்றரை மடங்காக்கி ஐந்தரை மணி நேரம் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் அனுபவம். அதற்கு மேல் உச்சியில் உட்காரும் நேரமும் இருக்கிறது. இறக்கத்தில் இழந்த நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவதும் எப்போதும் நடக்காது. நெய்ஸ்மித்தின் கணக்கைப் பின்னாளில் திருத்திய பிரிட்டிஷ் மலையேறி எரிக் லாங்மியூர், மென்மையான சரிவில் இறங்கும்போது 300 மீட்டருக்குப் பத்து நிமிடத்தைக் கழிக்கவும், செங்குத்தான சரிவில் அதே பத்து நிமிடத்தைக் கூட்டவும் சொன்னார். உடலின் எடையைத் தாங்கியபடியே நீளவேண்டிய தொடைத் தசைகள் களைத்துப்போன பிறகு, சரளைக்கல் பாதையில் இறங்குபவர் ஒவ்வோர் அடியையும் யோசித்துத்தான் வைப்பார். எங்கள் குழுவில் விழுந்த மூவரும் இறங்கும்போதுதான் விழுந்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் எழுதப்படுவதில்லை. ஓய்வு சேராத நடை நேரமே எழுதப்படுகிறது. பாதையின் கடினத்தைக் குறிக்கவும் அந்நாட்டு மலையேறிகளின் அமைப்பான ஆல்பைன் சங்கம் டி1 முதல் டி6 வரையிலான அளவுகோல் ஒன்றை 2002இல் கொண்டுவந்தது. கால் வைக்கும் இடம் எப்படிப்பட்டது, கைகளைப் பயன்படுத்த வேண்டுமா, வழி தெளிவாகத் தெரியுமா என்பவற்றையே அது விளக்குகிறது. அத்தனை பெரிய ஏற்பாட்டை உங்களிடம் நான் கேட்கவில்லை. தூரம், மொத்த ஏற்றம், மிக மெதுவாக நடப்பவருக்கு ஆகும் நேரம் ஆகிய மூன்று எண்களோடு, பாதை மண்ணா, பாறையா, படிக்கட்டா என்று ஒரு வரி எழுதினால் போதும். மொத்த ஏற்றம் என்பது உச்சியின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழித்து வருவது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இடையில் இறங்கி மீண்டும் ஏறவேண்டிய பள்ளங்கள் இருந்தால் அவையும் அதில் சேரும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தைக் கால் மணி நேரம் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்தது, திரும்பும் நேரம். புறப்படும் நேரத்தை நீங்கள் தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்பிவிடுவோம் என்பதை எந்த அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை. மாலை 6 மணிக்குச் சூரியன் மறையும் நாளில், 5 மணிக்குள் அடிவாரம் சேரவேண்டும் என்று வைத்துக்கொண்டால், இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும் குழு 2.30 மணிக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரளும் பருவத்தில் இது இன்னும் முன்னதாகவே இருக்கவேண்டும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. அப்போது முகட்டில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்த நேரம் இல்லை. எங்கள் நடையில் நடந்தது வாக்கெடுப்புதான். மூன்றரை மணிக்கு, உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று ஒருவர் சொன்னதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன, என்னுடையதும்தான். களைத்த மனிதர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அதற்கு விடை முந்தின நாளே எழுத்தில் இருக்கவேண்டும்.

இனி, நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கடைசியில் வருபவரைப் பற்றியது. முன்னால் போகும் வேகக்காரர்கள் ஒரு நிழலில் அமர்ந்து தண்ணீர் குடித்து, சிரித்துப் பேசி, பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க அங்கே வந்து சேர்ந்தவுடன், “எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்கிறார் தலைவர். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைப்பதில்லை. நாள் முழுவதும் இப்படியே நடந்தால், வலுவானவர் மேலும் வலுவோடும் நலிந்தவர் மேலும் நலிந்தும் உச்சியை அடைகிறார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்து, அமர்ந்து, தண்ணீர் குடித்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். குழுவின் வேகத்தை அவரே நிர்ணயிக்கட்டும். அவருக்குப் பின்னால் பாதை தெரிந்த ஒருவர், எக்காரணம் கொண்டும் முந்திச் செல்லாமல், நடக்கட்டும். பிரிவு வழிகளில் ஆள் எண்ணாமல் நகராதீர்கள்.

நகரத்தின் அருகாமை நம் எல்லோரையும் ஏமாற்றுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உச்சியிலிருந்து பார்த்தால் கட்டடங்களும் சாலைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தெரிகின்றன. அந்தக் காட்சியே, என்ன ஆனாலும் யாராவது வந்துவிடுவார்கள் என்ற துணிச்சலைத் தருகிறது. காலில் சுளுக்கு விழுந்தவருக்கு அந்தச் சாலை பல மணி நேரத் தொலைவில் இருக்கிறது. முகட்டில் கிடைக்கும் அலைபேசி அலைவரிசை, மறுபக்கப் பள்ளத்தில் இறங்கியதும் போய்விடலாம். அலைபேசி அலைவரிசை இல்லாமலும் ஜிபிஎஸ் இயங்கும் என்றாலும், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்காதவருக்கு அது வெறும் திரையில் ஒரு புள்ளியைத்தான் காட்டும். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது. அடிவாரத்தில் வியர்த்த சட்டை மேலே காற்றில் நடுக்கத்தைத் தருகிறது. ஒருநாள் நடைதானே என்று நெற்றி விளக்கை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் இருப்பதால்தான், அதை அவசியம் கொண்டுவர வேண்டிய பொருளாக நீங்கள் எழுதவேண்டும் என்கிறேன். எங்கள் பதினான்கு பேரிடம் அன்று மூன்று விளக்குகள் இருந்தன. விளக்கு வைத்திருந்தவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் இரண்டு மூன்று பேர் என்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கடைசி 2 கிலோமீட்டரை இறங்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு; ஒப்புக்கொள்கிறேன். அன்று நான் ஏற்றம் எவ்வளவு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எந்தப் பாதையில் போகிறேன், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைக்கவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. இவற்றையெல்லாம் கேட்கத் தெரியாதவர்களைத்தான் ‘நடக்கத் தெரிந்த எவரும் வரலாம்’ என்று நீங்கள் அழைக்கிறீர்கள்.

அடுத்த நடைக்கான அறிவிப்பை இந்த வாரம் எழுதுவீர்கள் என்று எண்ணுகிறேன். ‘மிதமானது’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மொத்த ஏற்றம் இத்தனை மீட்டர், மெதுவாக நடப்பவருக்கு இத்தனை மணி நேரம், இத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் நானும் பெயர் கொடுக்கிறேன். கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்க ஒருவர் தேவைப்பட்டால், அந்த வேலையை எனக்கே தாருங்கள்.

இப்படிக்கு,
அன்று மூன்றாவது விளக்கின் பின்னால் இறங்கியவன்