ஹாட்யாய் வெள்ளத்தில் கைகொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

2025 நவம்பர் 21ஆம் நாள் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. முந்நூறு ஆண்டுகளில் காணாத மழை என்று தாய்லாந்து அதிகாரிகள் அறிவித்த அந்த வார இறுதியில், ஆயிரக்கணக்கான மலேசியர்களோடு, கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியிலிருந்து சென்ற எங்கள் குழுவும் தங்கும் விடுதியின் மேல்மாடியில் சிக்கிக்கொண்டது. அனைவரும் நலமாக வீடு திரும்பியிருக்கும் இவ்வேளையில், எங்களை மீட்க உழைத்தவர்களுக்கு இம்மடலின் வழியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி ஹாட்யாய்க்கு அருகே சொங்கலாவில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திற்கும், பேங்காக்கில் உள்ள நம் தூதருக்கும் அவருடைய அலுவலர்களுக்கும் உரியது. தொலைபேசியை எடுத்த அலுவலர் வெறும் ஆறுதல் சொல்லி வைத்துவிடவில்லை. எத்தனை பேர், எந்த மாடி, இன்சுலின் தேவைப்படுவோர் யார், கைக்குழந்தை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். விடுதியின் பெயர்ப்பலகையைத் தாய்லாந்து மொழி எழுத்து தெரியும்படி படம் பிடித்து அனுப்பச் சொன்னார். மீட்புக்கு வரும் தாய்லாந்துப் படகோட்டிக்கு நாங்கள் ஆங்கிலத்தில் சொல்லும் பெயரைவிட அந்தப் படமே உதவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"தூதரகம் ஒரு ஹெலிகாப்டரை அனுப்பக் கூடாதா?" என்று ஊரிலிருந்த உறவினர் சிலர் சினந்துகொண்டார்கள். அவர்களுடைய பதற்றம் புரிகிறது. ஆனால், பிறர் நாட்டில் ஒரு படகைக்கூடத் தம் விருப்பப்படி இறக்கும் அதிகாரம் எந்தத் தூதருக்கும் கிடையாது. தூதரக உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தம் குடிமக்களின் நலனைக் காப்பதைத் தூதரகத்தின் கடமையாகச் சொல்கிறது. தூதரை ஏற்கும் நாட்டின் சட்டத்திற்கு மதிப்பளிக்கவும் உள்விவகாரங்களில் தலையிடாதிருக்கவும் அதுவே கட்டளையிடுகிறது. ஆகவே, பேரிடர் வேளையில் தூதரின் கையில் இருப்பது கேட்கும் உரிமைதான். யாரிடம் கேட்பது, கேட்டதும் அவர் செவிசாய்ப்பாரா என்பதெல்லாம் மழை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, விருந்துகளிலும் எல்லைக் கூட்டங்களிலும் முடிவாகிவிடுகிறது. அந்த விருந்துகளை வீண் செலவு என்று கேலி பேசியவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. 1957 முதல் தூதரக உறவு கொண்ட இவ்விரு நாடுகளும் எல்லைப்புற மக்களுக்காகத் தனித் துணைத் தூதரகங்களை நடத்துகின்றன. நமக்குச் சொங்கலாவில் இருப்பதுபோல் தாய்லாந்துக்குப் பினாங்கிலும் கோத்தா பாருவிலும் உண்டு.

தங்கள் வீடுகளே நீரில் மூழ்கியிருந்தும் எங்களுக்காக வந்த தாய்லாந்துப் படைவீரர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் எங்கள் வணக்கம். உயரமான இராணுவ லோரியின் பின்கதவில் நின்று, முதியவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றிய அந்த இளைஞர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. விடுதிச் சமையற்கார அம்மா, இருந்த ஒரே எரிவாயு உருளையில் கஞ்சி காய்ச்சி, பணம் வாங்க மறுத்து, முதலில் குழந்தைகளுக்கு ஊற்றினார். சைவ உணவு உண்பவர்களுக்கு மீன் சாறு சேர்க்காமல் தனியே எடுத்துவைத்தார். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் உலர்ந்த துணியும் தேநீருமாகக் காத்திருந்த கெடா மாநில அன்பர்களையும் நன்றியோடு நினைக்கிறோம்.

இம்மடலின் தாய்லாந்து மொழிபெயர்ப்பு ஒன்றை அந்த விடுதிக்குச் சேர்ப்பிக்குமாறு சொங்கலா அலுவலகத்தைக் கேட்டிருக்கிறோம். இனி எல்லை கடக்கும் நண்பர்கள், புறப்படுமுன் மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இணையப் பதிவில் தங்கள் பெயரையும் தங்குமிடத்தையும் பதிந்துவிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
சுங்கைப் பட்டாணிப் பயணக் குழுவினர்