நாணயம் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். ஆண்டு முழுவதும் நாம் அதிகம் வாதிட்டது பழைய செப்புக்காசுகளுக்குத் தரம் சொல்வதைப் பற்றித்தான் என்பதால், இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

ஒரே காசுக்கு ஆளுக்கொரு தரம் வந்தது. தேய்மானத்தையும் நிறத்தையும் ஒரே எண்ணுக்குள் அடக்கப் பார்த்ததுதான் காரணம். 70 வரை போகும் எண் அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்டுகளுக்காகத்தான் வகுத்தார். ஆனாலும் அந்த எண் காசின் நிறத்தைச் சொல்லாது. எனவே இனி நம் மதிப்பீட்டுச் சீட்டில் தேய்மானம், நிறம், மேற்பரப்புக் குறை மூன்றும் தனித்தனி வரியாக இருக்கும்.

டியூப்லைட் வெளிச்சம் செம்புக்கு ஆகாது. ஒளி நாலாபுறமும் பரவுவதால் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். ஒற்றை மேசைவிளக்கின் கீழ், காசை விளிம்பில் பிடித்து, சற்றே சாய்த்து மெல்லச் சுழற்ற வேண்டும். தேயாத காசில் ஒளிக்கற்றை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் தளத்தை, அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத சமப்பரப்பை, சுற்றி ஓடும். முதலில் வெறுங்கண், பிறகு ஐந்து மடங்கு லென்ஸ். பத்து மடங்கு லென்ஸ் சந்தேகப்பட்ட இடத்தைப் பார்க்க மட்டும். அதிலேயே தொடங்கினால் நல்ல காசும் மோசமாகத் தெரியும்.

மங்கிய அச்சைத் தேய்மானம் என்று எழுதிய சீட்டுகள் பல. 1797ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஒரு பென்னியை வைத்து இதைப் பார்த்தோம். ஒரு அவுன்ஸ் செம்பு, 36 மில்லிமீட்டர் அகலம். உயர்ந்த பட்டை விளிம்பில் எழுத்துகள் குழிவாகப் பதிந்திருக்கும். முதலில் மன்னரின் தலைமாலையையும் காதுக்கு மேலுள்ள முடியையும் பாருங்கள். அங்கே விவரம் குறைந்திருந்தாலும் தளத்தின் மினுமினுப்பு அந்த மேட்டிலும் தொடர்ந்தால் அச்சு சரியாக விழவில்லை என்று பொருள். மேடு மட்டும் வழவழப்பாகி, நிறமும் மாறியிருந்தால் தேய்மானம். அகலமான விளிம்பு தளத்தைக் காப்பதால், தளம் தெளிவாக இருந்தும் விளிம்பில் அடி வாங்கிய காசுகள் இவ்வகையில் நிறைய. அந்த அடியைக் குறை வரியில் எழுதுங்கள், தேய்மானத்தில் கழிக்காதீர்கள்.

நிறத்துக்குத் தரச்சான்று நிறுவனங்களின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டோம். காசு அச்சடித்தபோது இருந்த செம்பின் சிவப்பு 95 சதவீதமாவது மிஞ்சியிருந்தால் ‘சிவப்பு’. 5 சதவீதத்துக்கும் குறைந்தால் ‘பழுப்பு’. நடுவில் உள்ளவை ‘சிவப்புப்பழுப்பு’. சிவப்பு குறைவது தானாக நடக்கும். மேடுகள் முதலில் பழுக்கும், எழுத்தோரங்களிலும் குழிகளிலும் சிவப்பு கடைசிவரை தங்கும். இந்த வரிசை குலைந்து, மேடும் பள்ளமும் ஒரே இளஞ்சிவப்பாகப் பளீரென்று இருந்தால் அது அமிலத்தில் தோய்த்த காசு. எலுமிச்சைச் சாறு போதும், அந்தப் பாழ்வேலைக்கு. கந்தகக் கலவையால் மீண்டும் பழுப்பாக்கியவையும் உண்டு. அவற்றில் எழுத்தின் அடிவாரத்துக்கும் தளத்துக்கும் நிற வேறுபாடே இராது. நேர்மையாகப் பழுத்த காசு, தேய்த்துப் பளபளப்பாக்கிய சிவப்பை விட எவ்வளவோ மேல் என்பதை இச்சங்கம் உரக்கச் சொல்ல வேண்டும்.

பச்சை என்றாலே களிம்பு என்று ஒதுக்கிவிடுகிறோம். கெட்டியாக, வழவழப்பாக ஒட்டிய பச்சை பெரும்பாலும் நிலைத்தது, கைவைக்க வேண்டாம். பிசுபிசுத்த பச்சை மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளிலிருந்து வருவது. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் காற்றில் உலர்த்தினால் போகும். நகப்பூச்சு நீக்கி கூடாது. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். வெளிர்பச்சைத் தூள்தான் பெரிய ஆபத்து. மரக்குச்சியால் தொட்டால் உதிர்ந்து, அடியில் குழி தெரியும். குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டே போகிறது. அக்காசைத் தனிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும்.

சங்கச் சேகரிப்பிலுள்ள பிவிசி உறைகளை மாற்றிப் பாலியெஸ்டர் உறைகள் வாங்கச் செயற்குழு ஒப்புதல் கோருகிறேன். மதிப்பீட்டுக்கு வரும் உறுப்பினர்கள் காசைக் கழுவாமல், துடைக்காமல், வெறும் விரலால் தளத்தைத் தொடாமல் கொண்டுவர வேண்டும். விரல்ரேகையின் உப்பு சில மாதம் கழித்தே கருப்பாகத் தெரியும். அதற்குள் அது செம்பை அரித்திருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்