முறை வைத்து இருப்போம், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேரில் சொன்னால் குறுக்கே பேசிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். வன்னியில் உன்னைப்போல, போரில் நொந்த வீடுகளுக்கு உதவ ஓடித்திரிகிற பிள்ளைகள் இன்னும் பலர். அவர்களும் வாசிக்கட்டும்.

போன கிழமை முள்ளியவளையில் அந்த அம்மா வீட்டுக்குப் போனோமே. போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்த, அவன் பிறகு வராமலே போன கதையைத் தொடங்கினார். மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்துக்கு வருமுன்னமே, "தெரியும் அம்மா, தெரியும்" என்று நீ படிவத்தை எடுத்துவிட்டாய். அவர் நிப்பாட்டிவிட்டார். சீலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்: அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. 2010இல் வந்த ஆணைக்குழு, 2013இல் வந்த ஆணைக்குழு, பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எல்லா இடமும் இதே விபரம் கொடுத்து அலுத்த மனுசி அவர். படிவம் நிரப்பவா உன்னைப் பார்த்திருந்தார்? நீ இருந்து கேட்பாய் என்றுதான்.

உன் மனம் கல்லாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. களைத்துப் போனாய். ஞாயிறும் இல்லை, போயா விடுமுறையும் இல்லை. ஒட்டுசுட்டானுக்குப் போய்வந்த கையோடு விசுவமடு. களைத்த காதுக்கு எல்லா அழுகையும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

"நான் ஓய்ஞ்சா அவையள் என்ன செய்வினம்?" என்று கேட்டாய். அதற்கு விடை, காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிற அந்த அம்மாக்களிடமே இருக்கிறது. வவுனியாவில் 2017 ஜனவரியில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியபோது அது சுழற்சிமுறை உணவுத் தவிர்ப்பு. ஒருவர் போராட்டக் கொட்டிலில் இருக்க, மற்றவர் வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டுவார், படுத்தெழும்புவார். ஆண்டுக்கணக்காக அது நின்றுபிடித்தது அப்படித்தான். வீட்டுக்குப் போனவரைப் பார்த்து ஒருவரும் கைவிட்டுவிட்டார் என்று சொல்லவில்லை.

உன் அப்பா இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் வைத்து, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பார்கள்? நீ எல்லாக் காணிக்கும் விதைத்துவிட்டாய். கேட்ட எல்லாருக்கும் "வாறன்" என்று சொல்லியிருக்கிறாய்.

எனக்குப் பெரிய கவலை உன் கொப்பி. முந்தி இரவில் இருந்து எழுதுவாய், யார் என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார் என்று. அந்தப் பொடியன் பள்ளிக்கூடம் போகாததற்குச் சப்பாத்து இல்லாதது காரணமில்லை, தாயைத் தனிய விட்டுப்போகிற பயம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதுதானே பிடித்தாய். நாங்கள் மூன்று பேர் அவனுக்குச் சப்பாத்துத் தேடி அலைந்துகொண்டிருந்தோம்.

இந்தச் சனி ஞாயிறு போனை என்னிடம் தா. விசுவமடுவை நான் பார்க்கிறேன், ஒட்டுசுட்டானுக்கு வேறொரு பிள்ளை போகட்டும். முள்ளியவளைக்கு மட்டும் பிறகு நீயே போ. படிவம் வேண்டாம், பின்னேரம் முழுக்க இருக்கிற மாதிரிப் போ. முதலில் நித்திரை கொள். திங்கட்கிழமை வீட்டுப் பட்டியலைக் கொண்டுவா, யாருக்கு எந்த ஊர் என்று இருந்து பிரிப்போம்.

அன்புடன்,
அக்கா