ரிப்போர்ட்டோடு நிற்காதே, மகள்

அன்பு மகள்,

நீ நேற்று கோலில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ரோபோ செய்கிறீர்கள். சர்க்கிட் ஒருவன், கோட் இன்னொருவன், சட்டமும் சில்லும் இரண்டு பேர், ரிப்போர்ட்டும் ஸ்லைட்டும் திரும்பவும் உனக்கு. "எனக்கு இங்கிலீஷ் நல்லமாம் அப்பா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெரிந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்தால் சுறுக்காக முடியும், சரி. படிக்கப் போன இடத்தில் தெரிந்ததையே செய்துகொண்டிருந்தால் எப்படி? முதலாம் வருசம் ஈயம் உருக்கி ஒட்டுகிற சோல்டரிங் அயன் பிடித்தவனே நாலாம் வருசமும் பிடிப்பான், நீ நாலு வருசமும் அவன் செய்ததை அழகாக எழுதிக்கொண்டிருப்பாய். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையும் பெடியன்களுக்குக் கருவி வேலையும் போய்ச் சேர்வதை அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களை ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள். உன் குழுப் பெடியன்களைக் குறை சொல்லவில்லை, யாரும் திட்டம் போடாமலே அப்படித்தான் விழும்.

இன்னொன்று. பெரும்போக விதைப்புக்கு முதல், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற நம் வயல் கண்டத்தில் வாய்க்கால் துப்பரவாக்க, தண்ணீர்ப் பங்கீடு பார்க்கிற வட்டவிதானையார் ஆளுக்கு இத்தனை அடி என்று அளந்து கொடுப்பாரே, எல்லாரும் தங்கள் பங்கைச் சுத்தமாக வெட்டுவார்கள், ஆனால் இரண்டு பங்கு சந்திக்கிற இடத்தில் ஒரு திட்டு மண் நிற்கும், தண்ணீர் அங்கேதான் மறிபடும். கேட்டால் இரண்டு பேரும் "அது அவன்ட பக்கம்" என்பார்கள். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலமொன்று 1999இல் இப்படித்தான் அழிந்துபோனது. ஒரு பக்கத்தார் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுக்க, மறுபக்கத்தார் அதை நியூட்டன் என்கிற வேறு அலகில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனபடியால் அடுத்த கூட்டத்தில் கேள், ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர், ஒருவர் தெரிந்தவர், ஒருவர் தெரியாதவர். அவரவர் செய்ததை அவரவரே எழுதட்டும், நீ கடைசியில் தொகுத்துக் கொடு. சென்சர் தருகிற எண்ணைக் கோட் எந்த அலகில் எடுக்கிறது என்பதை முதல் கிழமையே எல்லாரும் பார்க்கிற தாளில் எழுதி, அதற்குப் பொறுப்பாக ஒரு பெயரும் போடுங்கள். ஒளித்துத் திரிகிற ஒருவன் எல்லாக் குழுவிலும் இருப்பான், அவனை வைவாவில், அந்த வாய்மொழிச் சோதனையில், உங்கள் சேர் பார்த்துக்கொள்வார், நீ அவன் பங்கையும் சேர்த்து இரவிரவாக முழிக்காதே.

சொந்தமாக ஒரு சோல்டரிங் அயன் வாங்கக் காசு வேண்டுமென்றால் என்னிடம் சொல்லு, பாங்கில் போட்டுவிடுகிறேன். அம்மாவிடம் கேட்காதே, புகை கண்ணுக்குக் கூடாது என்று தொடங்கிவிடுவா.

அப்பா