அது பிள்ளைகளுக்கான படம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விடுமுறைப் பக்கத்தில் ‘ப்ளூ ஐ சாமுராய்’ என்ற நெட்ஃப்ளிக்ஸ் அனிமேஷன் தொடரைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. அதன் கடைசி வரி இது: “பொம்மைப் படம்தானே, பிள்ளைகளோடு உட்கார்ந்து ரசிக்கலாம்.” உங்கள் இதழே சொல்லிவிட்டது என்று நம்பி, ஒன்பது வயது மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, முறுக்குத் தட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு டிவியைப் போட்டேன். திரையில் வயதுக் குறிப்பு வந்தது. ஆனாலும் பத்தொன்பது வருடமாகப் படிக்கும் பத்திரிகையின் சொல்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. முதல் அத்தியாயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, ஒரு நூடுல்ஸ் கடைக்குள் வாள் உருவப்படுகிறது, ரத்தம் தெறிக்கிறது. பையன் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று இரவு விளக்கை அணைக்கவே விடவில்லை.

18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தொடர் அது. கொலை மட்டுமல்ல, விலைமாதர் விடுதிக் காட்சிகளும் உண்டு. எழுதியவர் ஒரே ஓர் அத்தியாயம் பார்த்திருந்தால் போதும், அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். படமாக வரைந்தால் அது குழந்தைகளுக்கு என்று எத்தனை காலம்தான் நினைத்துக்கொண்டிருப்பது? நான்கு வருடத்துக்கு முன்பும் ஒரு ஜப்பானியப் போர்ப் படத்தை உங்கள் சிறுவர் பகுதியில் போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். பதிலும் இல்லை, என் கடிதத்தை நீங்கள் போடவும் இல்லை.

சரி, பிள்ளை பார்க்கக் கூடாது என்றானபின், எல்லோரும் தூங்கியதும் நான் மட்டும் எட்டு அத்தியாயங்களையும் மூன்று இரவுகளில் பார்த்து முடித்தேன். அதன்பிறகுதான் கோபம் இரண்டு மடங்கானது. எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு அலட்சியமாக நான்கு வரியில் முடித்துவிட்டார்கள்!

“கண் நீலமாக இருப்பதற்காகவா இவ்வளவு பழிவெறி, நம்பும்படி இல்லை” என்கிறது உங்கள் குறிப்பு. கதை நடப்பது 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானில். ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி அந்நியருக்குக் கதவைச் சாத்திய காலம் அது என்பது தாங்கள் அறியாததல்ல. 1636-இல் போர்த்துகீசியருக்குப் பிறந்த பிள்ளைகளைத் தாய்மாரோடு சேர்த்து சீனக் கரையில் போர்த்துகீசியர் குடியேறியிருந்த மக்காவ் என்ற ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1639-இல் டச்சுக்காரர், ஆங்கிலேயர் குடும்பத்துப் பிள்ளைகளை பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஜப்பானில் நீலக் கண்ணோடு பிறந்த பெண்ணை அரக்கி என்று கல்லெறிந்து வளர்த்தால், அவள் தன் பிறப்பின்போது ஜப்பானில் இருந்த நான்கு வெள்ளையரையும் தேடிக் கொல்லக் கிளம்புவதில் நம்ப முடியாதது என்ன?

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆம்பர் நோய்சுமி பாதி ஜப்பானிய வம்சத்தவர். தனக்கு நீலக் கண்ணோடு மகள் பிறந்ததும் ஏன் அவ்வளவு பூரித்துப்போனோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்தான் இந்தக் கதை தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். என் மூத்த மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, “நிறம் எப்படி?” தாயும் பிள்ளையும் நலமா என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்த மகளுக்கு இப்போது பதினாறு வயது. அந்தக் கேள்வி இன்னும் அவளை விடவில்லை. நிறத்துக்காக இவ்வளவா என்று எங்களிடம் கேட்காதீர்கள்.

நாயகி ஆண் வேடத்தில் திரிவதை “சினிமாத்தனம்” என்று எழுதியிருப்பது இன்னொன்று. எடோ காலத்தில், அதாவது ஷோகன்கள் இன்றைய டோக்கியோவான எடோவிலிருந்து ஆண்ட காலத்தில், பெண் நெடுஞ்சாலையில் பயணம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஹகோனே போன்ற சோதனைச் சாவடிகளில் பெண்களைச் சோதிக்கவென்றே பெண் ஊழியர்கள் இருந்தார்கள், கூந்தலை அவிழ்த்துக்கூடப் பார்ப்பார்கள். உள்ளே வரும் துப்பாக்கி, வெளியே போகும் பெண், இந்த இரண்டையும் மறிப்பதே அந்தச் சாவடிகளின் வேலை என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. இந்தத் தொடரில் வில்லன் எடோவுக்குள் கடத்துவது துப்பாக்கி, அவனைத் துரத்துகிறவள் பெண். இதைக் கோத்தவர்கள் வரலாறு படிக்காமல் கோக்கவில்லை.

பெண் வாளெடுத்ததே கிடையாதா என்றால், 12-ஆம் நூற்றாண்டுப் போரைச் சொல்லும் ஜப்பானியக் கதையில் தோமோயே கோசென் இருக்கிறாள். 1868-இல் ஜப்பானின் ஐசு பகுதியில் நகினாதா என்ற நீண்ட பிடி கொண்ட வளைந்த ஆயுதத்தோடு பெண்கள் படையை நடத்தி, குண்டடிபட்டுச் செத்த நகானோ தகேகோவுக்கு 21 வயது.

ஆனால் என்னை அழவைத்த வார்த்தை வேறு. ரிங்கோவை உங்கள் குறிப்பு “காமெடி பீஸ்” என்கிறது. தொடரில் நாயகியோடு வரும் ரிங்கோ, இரண்டு கையும் மணிக்கட்டோடு நின்றுபோய்ப் பிறந்தவன். அப்பாவின் கடையில் நூடுல்ஸ் செய்கிறான். நாயகி பெண் என்ற ரகசியம் தெரிந்தும் வெளியே விடாதவன் அவன். என் தம்பிக்குப் பிறவியிலேயே வலது கை மணிக்கட்டோடு சரி. கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்கிறான். பெரிய வெங்காயத்தை அந்த மணிக்கட்டால் பலகையில் அழுத்திப் பிடித்து இடது கையால் அரிவான். கரண்டிக் காம்பை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு முந்நூறு பேருக்கான சாம்பார் அண்டாவைக் கிளறுவான். வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ரிங்கோ மாவு பிசைவதைத் தம்பிக்குக் காட்டினேன். அவன் எதுவும் சொல்லவில்லை, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னான். அவனிடம் உங்கள் பக்கத்தை நான் காட்டவில்லை. காட்ட முடியவில்லை.

ஐந்தாவது அத்தியாயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஜப்பானியப் பொம்மலாட்டம் ஒருபுறம் நடக்கிறது, மறுபுறம் நாயகியின் பழைய இல்லற வாழ்க்கை விரிகிறது, நடுவில் இன்றைய சண்டை. வாளை வைத்துவிட்டு, குதிரை பழக்கும் கணவனோடு ஒரு சாதாரண மனைவியாக வாழப் பார்க்கிறாள். உன் திறமையைக் காட்டு என்று அவன்தான் கேட்கிறான். பயிற்சிச் சண்டையில் அவள் ஜெயித்ததும் அவன் முகம் மாறுகிறதே, அந்த முகத்தை நான் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதிகம் சம்பாதிக்கும் பெண்களின் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இது 2023 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, படமாக்கியது பிரெஞ்சு ஸ்டுடியோ, 2024-இல் சிறந்த அனிமேஷன் தொடருக்கான எம்மி விருது பெற்றது. ஆக, “ஜப்பானியத் தயாரிப்பு” என்று நீங்கள் போட்டதும் தவறு. இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கக் கூடியவை.

ஐயா, உங்கள் இதழை நிறுத்தப்போவதாக மிரட்ட நான் எழுதவில்லை. என் அம்மா வாங்கிய பத்திரிகை இது. அடுத்த இதழின் அதே பக்கத்தில், சின்னக் கட்டத்திலாவது, இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தொடர் என்று போடுங்கள். ரிங்கோவைப் பற்றிய அந்த வார்த்தைக்கு வருத்தம் தெரிவியுங்கள். நாயகியின் பெயரையும் திருத்திவிடுங்கள். அவள் ‘மிட்சு’ அல்ல, மிஸு. ஜப்பானிய மொழியில் நீர் என்று பொருள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.